மேசை மேல் இருப்பதும் டிராயருக்குள் இருப்பதும்

கேள்வி: கும்பகோணத்திலிருந்து வந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கென்று ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அப்பா படம், சுவாமிமலை முருகன் படம், ஒரு தஞ்சாவூர் நாட்டியப் பொம்மை, பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில், "உங்கள் மேசை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும், சொந்தப் பொருள் எதுவும் வேண்டாம்" என்றார்கள். பக்கத்து இருக்கைக்காரர் வேறு, "ஊர் ஞாபகம் இன்னும் போகலையா?" என்று கேட்கிறார். மேசையில் இருப்பதை வைத்து ஒருவரை உண்மையிலேயே கணிக்க முடியுமா? எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா?

எடுக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பெங்களூரில் 17 வருடமாக அலுவலக அட்மின் வேலையில் இருக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் தொடங்கி, வெளிவட்டச் சாலையில் இரண்டு நிறுவனங்கள், இப்போது எலக்ட்ரானிக் சிட்டி. யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்குவது, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஷிஃப்டிங் வந்தால் கூட நின்று நடத்துவது, வேலையை விட்டுப் போனவர்கள் மறந்துவிட்டுப் போனதைக் கட்டி அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. மேசைகளைப் பார்த்த அளவுக்கு நான் அந்த மேசைக்காரர்களைப் பார்த்ததில்லை. பல பேரை எனக்கு மேசையாகத்தான் தெரியும். அதனால் இந்தக் கேள்வி என் மனதுக்கு நெருக்கமானது. இதைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் சாம் காஸ்லிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 94 அலுவலக இடங்களையும் 83 படுக்கையறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். வங்கி, விளம்பர நிறுவனம், கட்டடக்கலை அலுவலகம் என்று பல வகையான இடங்கள். அங்கே இருப்பவரை ஒரு தரம்கூடப் பார்த்திராத ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். அந்த ஆளின் பெயரும் அவருடைய படமும் கண்ணில் படாதபடி மூடிவிட்டு, "இவர் எப்படிப்பட்டவர், மதிப்பெண் போடுங்கள்" என்றார்கள். அதை, அந்த ஆள் தன்னைப் பற்றிச் சொன்னதோடும், அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் சொன்னதோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

புதியதில் நாட்டம் உள்ளவர், பல விஷயத்தில் ஆர்வம் உள்ளவர் என்பதை மேசையைப் பார்த்தே நன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஒழுங்கானவரா, கலகலப்பானவரா என்பதை ஓரளவுக்கு. ஆனால் நல்ல மனசுக்காரரா, மற்றவர்களோடு அனுசரித்துப் போகிறவரா என்பதை அலுவலக இடத்தைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். ஏனென்றால் நாம் ஒரு மேசையைப் பார்த்ததும் முதலில் முடிவு கட்டுவதே அதைப் பற்றித்தான். குழந்தை படம் இருக்கிறதா, பாசக்காரர். மேசை மொட்டையாக இருக்கிறதா, ஒட்டாத ஆள். ஊர்ப்பக்கத்துப் பொருள் இருக்கிறதா, இன்னும் ஊரை விட்டு வராதவர். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் செய்தது இதைத்தான்.

காஸ்லிங் அப்புறம் 2008-ல் இதையே ஒரு புத்தகமாகவும் எழுதினார். நம்மைச் சுற்றி இருக்கும் பொருள்களை அவர் மூன்று வகையாகப் பிரிக்கிறார். "நான் இப்படிப்பட்டவன்" என்று சொல்லிக்கொள்ள வைப்பது ஒன்று. மனதை ஒரு நிலையில் வைத்துக்கொள்ள வைப்பது இன்னொன்று. யாரும் வைக்காமல், நம் பழக்கத்தினால் தானாக விழுந்து கிடப்பது மூன்றாவது. என் அனுபவத்தில் இந்தப் பிரிவு மிகச் சரியாக இருக்கிறது. எந்தப் பொருள் எந்த வகை என்று தெரியாமல் கணித்தால்தான் தப்பாகப் போகிறது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, பொருள் யாரைப் பார்த்து இருக்கிறது என்று கவனிப்பது. சிறந்த ஊழியர் கேடயம் எப்போதும் நடைபாதையைப் பார்த்து நிற்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். அது வருகிறவர் போகிறவருக்கானது. குழந்தை வரைந்த படம் சாஃப்ட் போர்டில் மானிட்டருக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கும். அது அவருக்கானது. சாமி படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய பிள்ளையார் ஒன்றை மேசை மூலையில் வெளிப்பக்கம் பார்த்து வைப்பவர் ஒரு ரகம். டிராயரைத் திறந்தால் முன்னால் ஒரு விபூதிப் பொட்டலம், வேளாங்கண்ணி மாதா படம் போட்ட ஒரு சின்ன அட்டை, இல்லையென்றால் தர்காவில் கொடுத்த ஒரு கயிறு வைத்திருப்பவர் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். கிளையன்ட் கால் தொடங்குவதற்கு முன் டிராயரை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். அதை வைத்து அவர் பக்தியானவர் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான் தெரியும்.

மேசையைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடிகிற விஷயம் இதுதான் என்பது என் முடிவு. ஒருவர் நல்லவரா, பாசக்காரரா, திறமைசாலியா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்காது. எட்டு மணி நேரத்தை அந்த நாற்காலியில் கடத்துவதற்கு அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பது எழுதியிருக்கும்.

மூன்றாவது வகைக்கு, அதாவது தானாகக் கிடப்பதற்கு, பெங்களூர் அலுவலகங்களில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆயுத பூஜையன்று விடுமுறை என்பதால் இங்கே முந்தின வேலைநாளிலேயே அலுவலக பூஜை நடக்கும். ஒவ்வொரு பே, அதாவது இருக்கைகள் சேர்ந்த பகுதியின் வாசலிலும் வாழைக்கன்று, மாவிலை, செவ்வந்திச் சரம். மானிட்டர், கீபோர்டு, சர்வர் அறைக் கதவு வரைக்கும் சந்தனமும் குங்குமமும். புகை சென்சார் இருப்பதால் மாடிக்குள் கற்பூரம் ஏற்ற நாங்கள் விடுவதில்லை, ஆரத்தியும் பூசணிக்காயும் கீழே போர்ட்டிகோவில்தான். எல்லோருக்கும் கடலைப்பொரி பொட்டலம் கொடுப்போம். அன்றைக்கு எல்லா மேசையும் ஒன்றுபோல அலங்காரமாக இருக்கும், ஒருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. விடுமுறை முடிந்து வந்த பிறகு பாருங்கள். சிலர் முதல் வேலையாக டிஷ்யூ பேப்பரை நனைத்து மானிட்டர் பொட்டைத் துடைப்பார்கள். சிலர் திரையில் விழுந்ததை மட்டும் துடைத்துவிட்டு ஓரத்தில் இருப்பதை விட்டுவிடுவார்கள். சிலருடைய மானிட்டரில் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அந்தக் காய்ந்த பொட்டு அப்படியே இருக்கும், புதுப் பொட்டு அதன் மேலேயே விழும். இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதனால்தான் இதற்கு, மெனக்கெட்டு வாங்கி வைத்த பொருளைவிட மதிப்பு அதிகம்.

சரி, இப்போது நான் தப்பாகக் கணித்த ஒரு மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை என்று போனார்கள். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை. சில மாதம் கழித்து நாங்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு மாடியைக் காலி செய்வதென்று முடிவானது. நானும் ஹவுஸ்கீப்பிங்கில் நான்கு பேரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மேசையாக எடுத்துக் கட்டினோம். ஒரு மேசைக்கு ஒரு அட்டைப்பெட்டி, மேலே இருக்கை எண். மேசைக்கு அடியில் இருக்கும் டிராயர் பெட்டியைப் பெடஸ்டல் என்போம், பூட்டிய பெடஸ்டல்களை மாஸ்டர் சாவி போட்டுத் திறந்தோம். செடிகள் எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டன. ஒரு மேசையில் தினசரி காலண்டர் மார்ச் மாதத்துத் தாளோடு நின்றிருந்தது. ஷூ, ஸ்வெட்டர், பூஞ்சை பிடித்த டிபன் பாக்ஸ், இட்லிப்பொடி டப்பா, நல்லெண்ணெய் பாட்டில், பல் விளக்கும் பிரஷ். ஒரு ஊரே அவசரமாக எழுந்து போனது மாதிரி இருந்தது.

அதில் ஒரு டீம் லீடின் மேசை. ஐந்து வருடமாக அதே இடத்தில் இருந்தவர். மேலே மானிட்டர், கீபோர்டு, கம்பெனி கொடுத்த கப். வேறு ஒன்றுமே கிடையாது. இவர் இந்த இடத்தில் மனசு வைக்கவே இல்லை என்று நான் முன்பே நினைத்திருந்தேன். பெடஸ்டலைத் திறந்தால் அடி டிராயரில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, பஸ் டிக்கெட். கண்டக்டர் கையில் வைத்திருக்கும் மெஷினில் வரும் சின்னத் தாள்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. எழுத்து மிச்சமிருந்ததில் பெங்களூர், தர்மபுரி என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேனாவால் தேதி எழுதியிருந்தார், சின்னச் சின்ன எழுத்தில், ஒரே நீல மையில்.

பயணப்படி கேட்பதற்காகச் சேர்த்திருக்கிறார், கொடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கூட இருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, "இது குப்பையா சார்?" என்று கேட்டார். எழுத்தே இல்லாத தாள்தானே, போடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பின்பக்கத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கவரில் போட்டுப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டியை வாங்கிக்கொள்ள அடுத்த வருடம் வந்தார். வரவேற்பறையிலேயே பிரித்தார். கப், சார்ஜர் எதையும் பார்க்கவில்லை, கவரைத்தான் தேடினார். அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போய்வந்த டிக்கெட்டுகள் அவை. சனி, ஞாயிறு அப்பாவைப் பார்த்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் நேராக அலுவலகத்துக்கு வந்துவிடுவாராம். சட்டைப் பையில் இருக்கும் டிக்கெட்டை அப்படியே டிராயரில் போடுவதுதான் முதலில் பழக்கமாக இருந்திருக்கிறது. அப்பா தவறிய பிறகுதான் தேதி எழுதி, கட்டி வைத்திருக்கிறார். "எழுத்து அழியுதுன்னு பார்த்ததும் பயம் வந்துடுச்சு" என்றார்.

தானாகக் கிடந்த ஒரு பொருள், ஒரு நாள் அவருக்கு வேண்டிய பொருளாக மாறிவிட்டது. அதை எந்தப் பயிற்சி வகுப்பு வைத்து நான் கண்டுபிடித்திருக்க முடியும்? அன்றிலிருந்து மொட்டை மேசையைப் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. பேக்கிங் வேலைக்கு வருகிறவர்களிடமும், எழுத்திருக்கிற தாளைவிட எழுத்தில்லாத தாளைத்தான் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

சாப்பாட்டுப் பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் விஷயத்தில் அது முக்கியம். ஊருக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை, அலுவலகத்தில் மணப்பாறை முறுக்கும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் வந்து இறங்கும். சிலர் டப்பாவைத் திறந்து பே ஓரத்து அலமாரி மேல் வைத்துவிட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்புவார்கள். சிலர் தன் மேசையிலேயே மூடி போட்டு வைத்து, வருகிறவருக்குக் கொடுப்பார்கள். இரண்டாமவரைக் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்கள் தன்னிடம் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த டப்பாவை வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்து மொழி பிடிபடாமல் தவிக்கிறவர்களுக்கு, அதுவும் கன்னடமோ இந்தியோ சரியாக வராதவர்களுக்கு, அது ரொம்ப உதவும். நீங்களும் செய்து பாருங்கள்.

அடுத்து, "சொந்தப் பொருள் எதுவும் வேண்டாம்" என்று சொன்னது பற்றி. இதற்கு நேர் எதிரான முடிவுதான் ஆராய்ச்சியில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-ல் வெளியிட்ட சோதனையில், ஆட்களை நான்கு விதமான இடத்தில் வேலை செய்ய வைத்தார்கள். முதலாவது வெறும் மேசை. இரண்டாவதில் செடியும் படமும் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவதில் அதே செடியையும் படத்தையும் கொடுத்து, உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்காவதில் அப்படி அவர்கள் அடுக்கி முடித்ததும், சோதனை நடத்துபவர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார். வெறும் மேசையைவிட இரண்டாவது இடத்தில் வேலை நன்றாக நடந்தது. தாங்களே அடுக்கிய மூன்றாவது இடம் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. நான்காவதில், பொருள் அத்தனையும் கண்முன் இருந்தும், அந்தப் பலன் போய்விட்டது. ஆக, செடியிலோ படத்திலோ மட்டும் விஷயம் இல்லை. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது யார் என்பதில் இருக்கிறது. வார இறுதியில் சுத்தம் செய்யப் போகும் எங்கள் ஆட்களிடம், தூக்கித் துடைத்த பொருளை அதே இடத்தில், அதே திசை பார்த்து வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதற்குப் பத்து வருடம் முன்பே, 2000-ல், மெரிடித் வெல்ஸ் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் 20 நிறுவனங்களில் 338 ஊழியர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். பெண்கள் ஆண்களைவிட அதிகமாகச் சொந்தப் பொருள் வைக்கிறார்கள், அதிலும் குடும்பம், நண்பர்கள் தொடர்பானதை. ஆண்கள் விளையாட்டு, சாதனை தொடர்பானதை. சொந்தப் பொருள் வைக்கத் தாராளமாக விடுகிற நிறுவனங்களில் ஊழியர்களின் உற்சாகமும் நன்றாக இருந்தது. அமெரிக்கக் கணக்கு அது. நம் பக்கம் நான் பார்த்தவரை, ஆண்கள் மனைவி படத்தை வைக்கத் தயங்குவார்கள், பிள்ளை வரைந்ததை உடனே ஒட்டிவிடுவார்கள்.

பயிற்சி வகுப்பில் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரநிலையில், மேசையையும் திரையையும் காலியாக வைப்பது பற்றித் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது ரகசிய ஆவணம், பென் டிரைவ், கடவுச்சொல் எழுதிய மஞ்சள் சீட்டு போன்றவற்றைப் பற்றியது. அம்மா அப்பா படத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பல இடங்களில் சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் அலுவலகத்தின் எழுத்து வடிவ விதியை ஒரு தரம் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

உண்மையில் காட்டிக்கொடுக்கக் கூடியது வேறு. மாத்திரை அட்டையை மேசை மேல் போடாதீர்கள், சர்க்கரைக்கா, மனச்சோர்வுக்கா என்று பெயரைப் பார்த்தே தேடித் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கடன் தாள், ஜாதகம், பிரிண்ட் எடுத்த பயோடேட்டா, பிள்ளையின் பள்ளிப் பெயர் தெரிகிற அடையாள அட்டை, இதெல்லாம் டிராயருக்குள் இருக்கட்டும். டிராயரைப் பூட்டுங்கள்.

இன்னொன்றும் மேசை காட்டிக்கொடுக்கும். ஒருவர் வேலையை விடப் போகிறார் என்பது எங்களுக்கு எச்.ஆரை விட முன்னாலேயே தெரிந்துவிடும். முதலில் குடும்பப் படம் போகும். அப்புறம் டிராயரில் இருக்கும் ஷூ, ஸ்வெட்டர். கப்பை மட்டும் கடைசி நாள் வரைக்கும் விட்டு வைப்பார்கள். இப்படி மெல்ல மெல்ல மெலிகிற மேசையைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. உங்கள் அட்மின் ஆட்களும் திறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்குச் சொந்தமாக ஒரு இடம் கிடைத்திருப்பதே இப்போதெல்லாம் பெரிய விஷயம். நிறைய நிறுவனங்கள் ஹாட் டெஸ்க் முறைக்குப் போய்விட்டன. காலையில் ஆப்பில் இடம் பிடித்து, மாலையில் எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே ஆட்கள் லேப்டாப் மூடி மேல் ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளுகிறார்கள். வைக்க இடமில்லை என்றால் ஒட்டவாவது செய்வார்கள்.

இனி உங்கள் நான்கு பொருளுக்கு வருகிறேன். அம்மா அப்பா படத்தை உங்கள் கண்ணுக்கு நேராக மானிட்டரின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால், "ஆமாங்க, ஞாபகம் இருக்கு" என்று சொல்லுங்கள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. முருகனை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பது உங்கள் மனசு. மணி பிளான்ட்டுக்கு வாரம் ஒரு தரம் தண்ணீர் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வரும், எங்கள் ஆட்கள் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். நீண்ட விடுமுறைக்குப் போகும்போது ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்வார்.

பொம்மையை ஏசி காற்று நேராக விழுகிற இடத்தில் வைக்காதீர்கள். நாட்டியப் பொம்மையின் தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டு, கம்பி முனையில் உட்கார்ந்துதான் ஆடுகிறது. ஷிஃப்டிங் வந்தால் அதை அட்டைப்பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். துண்டு துண்டாகக் கழற்றி, துணியில் சுற்றி, உங்கள் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். நான் கட்டிய ஒரு பெட்டியில் பாவாடை மட்டும் போய்ச் சேர்ந்தது. தலை எந்த மாடிக்குப் போனதென்று இன்றுவரை கிடைக்கவில்லை.